அளவுகோல் பிசகினால்...

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எவருக்கும் 35 என்ற எண்ணின் மகிமை தெரியும். 34 என்றால் வீட்டில் மௌனம். 35 என்றால் பிள்ளையாருக்குத் தேங்காய். அதே 35, அமெரிக்க ராணுவத்தில் சேர விண்ணப்பித்த ஓர் இளைஞனின் தேர்வு முடிவில் இருந்தால்? நூறு கேள்விகளில் 35க்குத்தான் சரியாக விடையளித்திருக்கிறோம் என்று அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வான். அவனுடைய அப்பாவும் அப்படித்தான் நினைப்பார். இருவர் நினைப்பதும் தவறு.

அவன் எழுதிய தேர்வின் பெயர் ‘ஆஸ்வாப்’. அமெரிக்க முப்படைகளும் சிப்பாய்களைச் சேர்க்க நடத்தும் பொதுத் திறனறி தேர்வு. 1968ல் பள்ளிகளில் அறிமுகமாகி, 1976 முதல் எல்லாப் படைகளுக்கும் ஒரே நுழைவாயிலானது. அறிவியல், கணக்கு, சொல்லறிவு, வாசித்துப் புரிந்துகொள்ளுதல், மின்னணுவியல், மோட்டார் வாகனம், பட்டறை வேலை, இயந்திர இயக்கம் என்று பல பகுதிகள். ஆனால் வாசல் கதவைத் திறப்பது இவற்றில் நான்கு மட்டுமே: கணக்கில் இரண்டு, மொழியில் இரண்டு. இந்த நான்கையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் ‘ஏ.எஃப்.க்யூ.டி.’ மதிப்பெண். அந்தக் கணக்கில் மொழிப் பகுதிக்கு இரட்டை எடை.

இந்த மதிப்பெண் 1 முதல் 99 வரை போகும். இது சதவிகிதம் அல்ல, பர்சென்டைல். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் 2019 முதல் பர்சென்டைல் வழங்குவதால் இந்தியப் பெற்றோருக்கு இந்தச் சொல் பழகிவிட்டது. ஆனால் பொருள் எத்தனை பேருக்குப் பிடிபட்டது என்பது வேறு விஷயம். நூறு இளைஞர்களைத் திறமை வரிசைப்படி நிறுத்தினால் எத்தனை பேருக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கிறோம் என்பதே பர்சென்டைல். 35 என்றால் 35 பேருக்கு. எத்தனை கேள்விக்குச் சரியான விடை என்பதை இந்த எண் சொல்லாது. கம்ப்யூட்டரில் எழுதும் ஆஸ்வாபில் அப்படிக் கேட்பதற்கே அர்த்தமில்லை. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும். தவறினால் எளிதாக வரும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு வந்த கேள்விகள் வேறு.

பர்சென்டைலில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அந்த ஏணியின் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல. மனிதர்களில் பெரும்பாலோர் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஓரங்களில் கூட்டம் குறைவு. எனவே நடுவில் கொஞ்சம் முன்னேறினாலே பலரைத் தாண்டிவிடலாம். 50லிருந்து 60க்கு ஏறுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான முயற்சி வேண்டும், 89லிருந்து 99க்கு ஏற. ஐம்பதில் இருப்பவருக்கும் ஐம்பத்தைந்தில் இருப்பவருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் ஒன்றிரண்டு கேள்விகளாக இருக்கலாம். அன்று காலை யார் நன்றாகத் தூங்கினார் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ராணுவம் இந்த ஏணியைப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 93க்கு மேல் முதல் பிரிவு. 65 முதல் 92 வரை இரண்டாவது. 31 முதல் 64 வரை மூன்றாவது. அதையும் 50ல் இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். 10 முதல் 30 வரை நான்காவது. ஒற்றை இலக்கம் என்றால் ஐந்தாவது. அவர்களைச் சேர்க்கச் சட்டமே தடை விதிக்கிறது. நான்காம் பிரிவினருக்கும் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: ஓர் ஆண்டில் சேர்ப்பவர்களில் 20 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. பாதுகாப்புத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட வரம்பு இன்னும் கடுமையானது: 4 சதவிகிதம். ஆக, தரைப்படையைப் பொறுத்தவரை நடைமுறையில் வாசல்படி 31.

வாசலைத் தாண்டிய பிறகு வேறு மதிப்பெண்கள் வருகின்றன. பல பகுதிகளை வெவ்வேறு விதமாகக் கூட்டி, எந்த வேலைக்கு யார் பொருத்தம் என்று பார்க்கிறார்கள். தரைப்படையில் இவற்றின் சராசரி 100. அதிகாரி பயிற்சிக்குப் போக விரும்பும் சிப்பாய் ‘பொதுத் தொழில்நுட்பம்’ என்ற கூட்டில் 110 எடுத்திருக்க வேண்டும். வாசலில் 60 வாங்கியவன் இதில் 105ஐக் காட்டி, ‘நூற்றைத் தாண்டிவிட்டேன்’ என்று துள்ளினால் அர்த்தமில்லை. இரண்டும் வெவ்வேறு தராசுகள்.

வாசலில் மொழிக்கும் கணக்குக்கும் மட்டுமே இடம் என்பதால் ஒரு விபரீதமும் நடக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் டிராக்டர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையன், ஆங்கிலச் சொற்களில் தடுமாறினால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ராணுவத்துக்கு மெக்கானிக் தேவை. அவனும் மெக்கானிக்தான். ஆனால் அந்தத் திறமையைக் காட்டும் அறைக்குள் போக மொழி என்ற சாவி வேண்டும்.

ஒருவரது அறிவை எண்ணாக மாற்றும் ஆசை அமெரிக்க ராணுவத்துக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது, 1917-18ல், ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளரின் தலைமையில் சுமார் 17 லட்சம் பேருக்குத் தேர்வு வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ‘ஆல்பா’; தெரியாதவர்களுக்குப் படங்கள் நிறைந்த ‘பீட்டா’. ஆல்பாவில் ஒரு கேள்வி, கிறிஸ்டி மாத்யூசன் யார் என்பது. பேஸ்பால் வீரர் என்று தெரிந்தால் அறிவாளி. அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய இத்தாலியக் குடியானவனுக்கு அது எப்படித் தெரியும்? பீட்டாவில், படத்தில் எது குறைகிறது என்று கண்டுபிடித்து வரைய வேண்டும். டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லை. கிராமபோனில் குழாய் இல்லை. வாழ்க்கையில் டென்னிஸ் மைதானத்தையே பார்த்திராதவன் எதை வரைவான்?

முடிவுகளை வைத்துக்கொண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரிகாம் 1923ல் ஒரு புத்தகம் எழுதினார். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களும் கறுப்பர்களும் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர்கள் என்றது அது. குடியேறுகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களுக்கு அது நல்ல ஆயுதமானது. அதே புள்ளிவிவரத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பர்கள், தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையர்களை விட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் மதிப்பெண்ணும் இருந்தது. பிரிகாம் தன் முடிவு தவறு என்று 1930ல் அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அதற்குள், 1924லேயே, குடியேற்றத்துக்குக் கதவடைக்கும் சட்டம் வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் இன்னொரு பாடம் சொன்னது. இரு போர்களின் சிப்பாய்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்து 1948ல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டாம் போரின் நடுத்தரச் சிப்பாயை முதல் போரின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் அவரது இடம் 80ஐத் தாண்டியது. கால் நூற்றாண்டில் மனித மூளை மாறிவிடவில்லை. பள்ளிப் படிப்பு கூடியிருந்தது. ஒரே ஆள், ஒரே திறமை. எந்தக் கூட்டத்தோடு நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து 50 அல்லது 80. பர்சென்டைல் எண்ணுக்குத் தனியாக உயிர் கிடையாது. ஒப்பிடும் கூட்டம்தான் அதற்கு உயிர்.

இந்த எண்ணை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் சாட்சி. போருக்கு ஆள் பற்றாத நிலையில் 1966 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா ஒரு திட்டம் அறிவித்தார். பெயர் ‘ப்ராஜெக்ட் ஒரு லட்சம்’. அதுவரை திருப்பி அனுப்பப்பட்ட குறைந்த மதிப்பெண்காரர்களை ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் வீதம் சேர்த்துக்கொள்வது. ராணுவப் பயிற்சி அவர்களை ஏழ்மையிலிருந்து கைதூக்கிவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. 1971 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். சுமார் 40 சதவிகிதம் பேர் கறுப்பர்கள். தொழில் கற்றுத் தருவதாகச் சொன்னார்கள். பலர் கையில் கொடுத்தது துப்பாக்கி. காலாட்படைக்கு அனுப்பப்பட்டவர்கள் அதிகம். கல்லூரியில் இடம் பிடித்தவர்கள் போரைத் தள்ளிப்போட்ட காலத்தில், படிப்பு வராதவர்கள் காட்டுக்குப் போனார்கள். அமைச்சர் தெரிந்தே வாசல்படியைத் தாழ்த்திய கதை இது.

அடுத்த கதை தெரியாமல் தாழ்ந்துபோனது. அதுதான் விசித்திரம்.

1973ல் கட்டாய ராணுவச் சேவை ஒழிந்தது. இனி விரும்பி வருபவர்கள்தான். தரம் குறைந்துவிடுமோ என்ற கவலை நாடாளுமன்றத்தில் இருந்தது. 1976 ஜனவரியில் ஆஸ்வாபின் புதிய வினாத்தாள்கள் எல்லாப் படைகளிலும் நடைமுறைக்கு வந்தன. பென்டகன் தந்த கணக்குகள் தெம்பூட்டின. 1979ல் சேர்ந்தவர்களில் நான்காம் பிரிவினர் வெறும் 5 சதவிகிதம் என்றது அறிக்கை. ஆனால் பயிற்சி முகாம்களிலிருந்து வேறு குரல் கேட்டது. கையேட்டைப் படிக்கத் தெரியவில்லை, சொல்வது புரியவில்லை என்று சார்ஜென்ட்கள் புலம்பினார்கள். கிழவர்கள் எப்போதும் ‘எங்கள் காலத்தில்’ என்று பேசுவார்கள் என்று சிலர் ஒதுக்கித் தள்ளினர். எண் நன்றாக இருக்கிறதே!

1970களின் இறுதியில் ஆய்வாளர்கள் சிலருக்குச் சந்தேகம் வந்தது. 1980ல் உண்மை வெளியானது. மதிப்பெண் அட்டவணையே தவறு. கேள்விகளில் பிழையில்லை, விடை திருத்தியதிலும் பிழையில்லை. இத்தனை சரி என்றால் இத்தனையாவது பர்சென்டைல் என்று மாற்றும் பட்டியலில், கீழ்ப்பாதி முழுவதும் ஊதிப்போயிருந்தது. சரியான பட்டியலை வைத்துப் பார்த்தபோது 1979ன் 5 சதவிகிதம் சுமார் 30 சதவிகிதமானது. தரைப்படையில் மட்டும் ஏறக்குறையப் பாதிப் பேர் நான்காம் பிரிவு. 1976 முதல் 1980 வரை, சரியான அட்டவணை இருந்திருந்தால் திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடிய மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் சீருடை அணிந்துவிட்டார்கள்.

எப்படி நடந்தது? புதிய எடைக்கல்லை எப்படிச் சரிபார்ப்போம்? பழைய கல்லை மறுதட்டில் வைத்து. புதிய தேர்வையும் அப்படித்தான் சரிபார்த்தார்கள். ஒரே ஆட்களிடம் பழைய தேர்வு, புதிய தேர்வு இரண்டையும் கொடுத்து, பழையதில் இந்த இடத்தில் நிற்பவன் புதியதில் எத்தனை எடுக்கிறான் என்று பார்ப்பது வழக்கம். ஆனால் பழைய தேர்வு ஏற்கனவே கசிந்திருந்தது. ஆள் சேர்க்கும் இலக்கை எட்டுவதற்காகச் சிலருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் பழையதில் அவர்களுக்கு உயர்ந்த இடம். புதியதில் உண்மையான, குறைந்த விடைகள். இரண்டையும் சமன் செய்தபோது, ‘இவ்வளவு குறைவாக விடையளித்தாலே இந்த உயரம் போலிருக்கிறது’ என்று பட்டியல் எழுதப்பட்டது. எங்கோ ஒரு ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் யாரோ செய்த சிறு உதவி, ஒரு தேசத்தின் படையையே நான்கு வருடம் ஏமாற்றியது.

அந்த மூன்று லட்சம் பேர் என்ன ஆனார்கள்? இங்கேதான் கதை எளிதாக முடியவில்லை. பிற்பாடு நடந்த ஆய்வுகள் அவர்களைப் பின்தொடர்ந்தன. சராசரியில் அவர்கள் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பயிற்சி கடினமாக இருந்தது. ஆனால் பெரும்பாலோர் வேலையைச் செய்தார்கள். பதவி உயர்வு பெற்றவர்களும் உண்டு. ‘தகுதியில்லாதவர்கள்’ என்று காகிதம் சொன்னவர்களில் பலர், தங்களுக்குத் தகுதியில்லை என்பது தெரியாமலேயே தகுதியானவர்களாக இருந்துவிட்டார்கள்.

அப்படியானால் மதிப்பெண் வெறும் வேஷமா? அதுவும் இல்லை. பிழை வெளியானதும் நாடாளுமன்றம் நான்காம் பிரிவுக்கு உச்சவரம்பு விதித்ததோடு ஒரு நியாயமான கேள்வியும் கேட்டது: இந்த எண்ணுக்கும் களத்தில் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் உண்டா? பதில் தேடப் பத்தாண்டு ஆனது. சிப்பாய்களைக் காகிதத்தில் சோதிக்காமல், இயந்திரத்தைப் பழுதுபார்க்கச் சொல்லியும் கருவியை இயக்கச் சொல்லியும் சோதித்தார்கள். சம்பந்தம் உண்டு என்று தெரிந்தது. தகவல் தொடர்புக் கருவியை நிறுவும் மூவர் குழுக்களை ரான்ட் நிறுவனம் ஆராய்ந்து 1992ல் வெளியிட்டது. குழுவின் சராசரி மூன்றாம் பிரிவின் மேல்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்கு இறங்கினால், கருவியை வெற்றிகரமாக இயங்க வைக்கும் வாய்ப்பு 63 சதவிகிதத்திலிருந்து 47க்கு இறங்கியது. போர்க்களத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் மதிப்பெண் சொல்லாத விஷயமும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை யார் தாக்குப்பிடிப்பார் என்பதைப் பள்ளி இறுதிச் சான்றிதழ் நன்றாகச் சொன்னது. பள்ளியை முடித்தவர்களில் ஐந்தில் நால்வர் தங்கள் முதல் ஒப்பந்தத்தை முடித்தார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். சான்றிதழ் காட்டியது அறிவைவிட விடாப்பிடி குணத்தை. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பிழையைத் திருத்த நடந்த முயற்சிக்கு வேறொரு வாழ்க்கையும் கிடைத்தது. அதுவரை எல்லா மதிப்பெண்களும் 1944ல் சேவையிலிருந்த ஆண்களோடு ஒப்பிடப்பட்டன. 1975ல் விண்ணப்பித்த ஒரு பெண்கூட, ஹிட்லரோடு போரிட்ட ஆண்களின் வரிசையில்தான் நிறுத்தப்பட்டாள். இனி உண்மையான இளைஞர் சமுதாயத்தோடு ஒப்பிட வேண்டும் என்று முடிவாகி, 1980ல் நாடெங்கும் 16 முதல் 23 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 12,000 ஆண், பெண்களுக்கு ஆஸ்வாப் வைத்தார்கள். தலைக்கு 50 டாலர் கொடுத்தார்கள். 1984ல் அந்த வரிசையே அளவுகோலானது. பத்தாண்டு கழித்து, 1994ல், ஹெர்ன்ஸ்டைனும் மர்ரேயும் எழுதிய ‘தி பெல் கர்வ்’ அந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு அறிவு, வர்க்கம், இனம் பற்றிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சிப்பாய்களுக்குச் சட்டை அளவெடுக்கத் தைத்த நாடாவை, ஒரு சமுதாயத்தின் தலைவிதியை அளக்கப் பயன்படுத்தினார்கள். 1923ன் நிழல் மறுபடி விழுந்தது என்று விமர்சகர்கள் சொன்னார்கள்.

அளவுகோல் பிறகு மீண்டும் மாறியது. 1997ல் புதிதாக இளைஞர்களைச் சோதித்துத் தயாரித்த அட்டவணை 2004 ஜூலையில் வந்தது. 2024ல் ஆஸ்வாப் எழுதிய பதினெட்டு வயதுப் பையனுக்கு வந்த 35, அவன் பிறப்பதற்கு முன் தேர்வெழுதியவர்களின் வரிசையில் அவனது இடம். அவனோடு பள்ளிக்கு வந்தவர்களில் அவன் எத்தனையாவது என்பதை அது சொல்லவில்லை.

2022ல் அமெரிக்கத் தரைப்படைக்கு ஆள் பஞ்சம். 60,000 பேர் தேவைப்பட்ட ஆண்டில் 15,000 பேர் குறைந்தார்கள். மக்னமாராவின் வழி திறந்தே இருந்தது. ஆனால் இந்த முறை வேறு வழி கண்டார்கள். 21 முதல் 30 வரை வாங்கியவர்களை, தெற்கு கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் 90 நாள் வரை உட்கார வைத்துக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தந்தார்கள். பெரும்பாலோரின் மதிப்பெண் ஏறியது. அடிப்படைப் பயிற்சிக்குப் போனார்கள். பிறவியிலேயே எழுதப்பட்டதாக 1923ல் சொல்லப்பட்ட எண், சில வாரப் பாடத்தில் நகர்ந்தது.

இந்தியாவுக்கும் இதில் சேதி உண்டு. 2023 முதல் அக்னிவீரர்களாகச் சேர விரும்பும் லட்சக்கணக்கான இளைஞர்கள், ஓட்டத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியிருக்கிறது. பல நாட்கள், பல வேளைகள், வெவ்வேறு வினாத்தாள்கள். எல்லாவற்றையும் சமன் செய்தபிறகே பட்டியல். வயலில் விடியற்காலை ஓடிப் பழகிய பையனுக்கு, தன் மதிப்பெண் ஏன் ஏறியது அல்லது இறங்கியது என்று சொல்ல ஊரில் ஆளில்லை. அவனுக்கு எண் மட்டும் கிடைக்கிறது. எண்ணுக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது, அட்டவணைக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது, அதைத் தயாரித்தவர்களும் மனிதர்களே என்பதை யாரும் சொல்வதில்லை.

மதிப்பெண் வந்ததும் ‘எவ்வளவு?’ என்று கேட்பது நமது பழக்கம். ‘யாரோடு ஒப்பிட்டு?’ என்று கேட்க அமெரிக்க ராணுவத்துக்கே நான்கு வருடம் பிடித்தது.